கலங்கல்

கிலோமீட்டர் 214 தொடங்கி 217 வரை
நடந்தே பார்க்கவேண்டும் என்பது உத்தரவு.
ஜீப் போகாது.
போவதென்றால் மேட்டில் கூடாரம் அடித்தவர்களை
எந்தப் பக்கம் இறக்குவது?

வதாயோ முன்னால் நடந்தார்,
தோளில் நீளக் காம்புச் சுத்தியல், காலில் பிளாஸ்டிக் செருப்பு.
தண்டவாளத்தில் காய்ந்த ரல்லிப் போர்வைகளை
ஒவ்வொன்றாய் விலக்கி
ஆணியைத் தட்டி
மறுபடி போர்த்திவிட்டுப் போனார்.

மேற்கே பதினோரடித் தண்ணீர்.
கீர்த்தர் மலை ஒரே வாரத்தில் உதறிக் கொட்டியது.
கிழக்கே முழங்கால் ஆழம், அதில் எருமைகள்.
நடுவே இந்த மண்.
ரயில் ஓடட்டும் என்று போட்ட மண்.
அணையாய் நிற்பாயா என்று
யாரும் அதைக் கேட்டதில்லை.

படிவம் கேட்டதற்கெல்லாம் எழுதினேன்.
214/6: தோள் சரிந்து, ஜல்லி அந்தரத்தில்.
215/2: சீமைக்கருவேலம். மரம் செத்தால்
வேர் இருந்த தடமெல்லாம் தண்ணீருக்கு வழி.
215/9: மூன்று கண் பாலம்,
இரண்டு கண்ணைச் செங்கல் வைத்துப் பூசியிருக்கிறது.
யார் என்றேன்.
வதாயோ வானத்தைப் பார்த்தார். அப்புறம்
மீன்குட்டைக்காரரின் மாடிவீடு இருக்கும் திசையைப் பார்த்தார்.
'அடைப்பு: குப்பை' என்பதற்கு மட்டும்
படிவத்தில் கட்டம் இருந்தது.

கசிவை நின்றுகொண்டு பார்க்க முடியாது,
அடிவாரத்தில் குந்தவேண்டும்.
தெளிந்து வந்தால் பொறுக்கலாம்.
கலங்கி வந்தால், மேடு
தன்னை உள்ளிருந்து பருக்கை பருக்கையாய்
வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது.
216/3இல் உள்ளங்கை அகல ஊற்று,
உலைபோல் கொதிக்கும் மணல்.
குடிநீர் பாட்டிலைக் கவிழ்த்துக் காலிசெய்து
அதில் பிடித்து மூடினேன்.
பார்த்த மாத்திரத்தில் நிறம் தெரியவில்லை.

216/4, மேற்குச் சரிவு.
ஒரு முழ ஆழத்தில் வெட்டு.
முள்ளம்பன்றி தோண்டினால் வாய் உருண்டையாயிருக்கும்.
இதற்கு மூலைகள் இருந்தன.
மண்வெட்டியை ஒளித்துவைக்கக்கூட இல்லை ஹாஜ்ரான்,
அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.

"உடைப்பு என்று எழுதுவாய். நாங்கள் திறப்பு என்போம்.
போன வெள்ளிக்கிழமை என் கொழுந்தனை
இந்தச் சரிவில்தான் புதைத்தோம்.
காய்ந்த மண் வேறெங்கே இருக்கிறது?
அது உன் தாளில் இருக்கிறதா?"

இல்லை. இருந்தால்,
'இளகிய நிரப்பு, ஆறடிக்கு இரண்டடி' என்றிருக்கும்.

கிழக்கே கைகாட்டினேன்:
ஸ்டேஷன், அரிசி குடோன், பிரசவ ஆஸ்பத்திரி.
பார்த்தாள்.
"என் தங்கையை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறது"
என்றாள்.

நிலைகுலையும் ஆபத்து: ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்.
யாருக்கு என்று
படிவம் கேட்கவில்லை.

இருட்டுவதற்குள் நாற்பது மணல்மூட்டை வந்தது.
ஹாஜ்ரான் நகரவில்லை.
அவளைச் சுற்றியே அடுக்கினோம்.
வெட்டின் காரணம் என்ற இடத்தில்
முள்ளம்பன்றி என்று எழுதினேன்.
வதாயோ எட்டிப் பார்த்துவிட்டு
கைரேகை வைத்தார்.
அடைத்த இரண்டு கண்ணையும் உடனே திறக்க என்பதன்கீழ்
பேனா தாளைக் கிழிக்குமளவு இரண்டு கோடு.
217 வரை மணிக்குப் பதினைந்து.

பதினைந்தில்தான் வந்தது சரக்கு வண்டி.
கூடாரத்துக் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு
பிள்ளைகள் அதை எண்ணினார்கள், முப்பத்தொன்றாவது பெட்டி வரை.
என் காலடி மண் சன்னமாய் நடுங்கி
வண்டி போனபிறகும்
கொஞ்சநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது. அல்லது
நடுங்கியது நான்.

ஓய்வறை மேசையில் இரவெல்லாம் நின்றது பாட்டில்.
விடிந்தபோது மேல்தண்ணீர் குடிக்கலாம்போல் தெளிந்திருந்தது.
அடியில் படிந்ததை
விரல்வைத்து அளந்தேன். முழு விரற்கடை.

நான்கு என்று எழுதியிருந்ததை
அடித்தேன்.